பைத்தான் பொதிகளும் கட்டாயச் சோதனையும்

விதை மூட்டையின் வாயில் தைக்கப்பட்டிருக்கும் சீட்டைக் களப் பணியாளர் யாவரும் அறிவர். சான்று பெற்ற நெல் விதை நூற்றுக்கு 80-க்குக் குறையாமல் முளைத்தல் வேண்டும் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள அளவு. விளைவித்தவர் "நன்கு முளைக்கும்" என்று கூறிய சொல்லை மட்டும் நம்பி அச்சீட்டு எழுதப்படுவதில்லை. மாதிரி எடுத்து, ஈரத்தில் இட்டு, முளைத்தவற்றை எண்ணிய பின்னரே எழுதப்படுகிறது. வயலில் நல்லதாக இருந்த விதை களஞ்சியத்தில் ஈரம் ஏறியோ நாட்பட்டோ கெட்டிருக்கக் கூடும். ஆதலின் விளைவித்தவர் செய்த சோதனை ஒன்று இருப்பினும், வழங்குபவர் செய்யும் சோதனை வேறாக வேண்டப்படுகிறது.

கணிப்பொறிக்குரிய நிரல்களும் இவ்வாறே மூட்டை கட்டப்பட்டு வழங்கப்படுகின்றன. கட்டுபவர் சோதனையும் செய்தே ஆக வேண்டும் என்று விதிப்பது முறையா, விதிப்பின் எவ்வளவு தூரம் விதிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நிரல்களைப் பொறுத்தவரை இக்கேள்வி பிற மொழிகளைக் காட்டிலும் கூர்மையானது.

பொதியும் பொதியாளரும்

லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட இயங்குதள உட்கரு. உட்கரு மட்டும் கொண்டு யாரும் ஒரு கடிதம் கூட எழுத இயலாது. அதனைச் சுற்றி ஆயிரக்கணக்கான நிரல்களைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்துமாறு செய்து, ஒரே அமைப்பாக அளிப்பதை 'வழங்கல்' என்பர். 1993-இல் தோன்றிய டெபியன், 2003-இல் தோன்றிய ஃபெடோரா ஆகியன பெயர் பெற்ற வழங்கல்கள். இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கேரளப் பள்ளிகளுக்காக கைட் நிறுவனம் அளிக்கும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவோ டெபியனிலிருந்து கிளைத்தது. எனவே டெபியனில் ஒரு பொதி பழுதுபட்டால், அப்பழுது கிளை வழியாகப் பள்ளிக் கணிப்பொறி அறை வரையில் வந்து சேரக் கூடும்.

நிரலை எழுதியவரை 'மூல ஆக்குநர்' எனலாம். அவரிடமிருந்து மூல நிரலைப் பெற்று, வழங்கலின் ஒழுங்குக்கேற்ப மூட்டை கட்டுபவர் 'பொதியாளர்', அம்மூட்டை 'பொதி'. இவ்விருவரும் பெரும்பாலும் வேறு வேறு நாட்டினர். ஒருவரையொருவர் நேரில் கண்டிராதவர்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். மூல ஆக்குநர் தம் நிரலைத் தாம் தேர்ந்தெடுத்த துணை நூலகங்களின் குறிப்பிட்ட பதிப்புகளோடு இயக்கிப் பார்க்கிறார். நூலகம் என்பது பல நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் ஆயத்த நிரற்பகுதி. வழங்கலிலோ ஒரு நூலகத்துக்குச் சாதாரணமாக ஒரே பதிப்புதான் உண்டு. நூறு நிரல்கள் அதனை நாடினால் நூறும் அந்த ஒன்றையே பயன்படுத்த வேண்டும். ஆகவே மூல ஆக்குநர் கண்ட சேர்க்கையும் பயனருக்குக் கிடைக்கும் சேர்க்கையும் ஒன்றாக இருப்பது அரிது. "மூலத்தில் சோதித்தாயிற்று" என்னும் சொல் பொதியாளருக்குப் போதாமைக்கு இதுவே முதற்காரணம்.

பிழை ஒளிந்திருக்கும் இடம்

சி போன்ற மொழிகளில் எழுதிய நிரலை இயக்குவதற்கு முன் கம்பைலர் என்னும் கருவி முழுவதும் படித்து, யந்திர மொழிக்கு மாற்றுகிறது. இல்லாத ஒரு பெயரை எங்கேனும் எழுதியிருப்பின் கட்டும்போதே வேலை நின்றுவிடும், பொதியே உருவாகாது. பைத்தான் அவ்வாறன்று. எழுத்திலக்கணப் பிழை இல்லையெனில் அது நிரலை ஏற்றுக் கொள்கிறது. ஒரு பெயர் உண்மையில் உள்ளதா என்பதை, அந்த வரி இயங்கும் நொடியில்தான் தேடிப் பார்க்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் இயங்கும் வரியில் உள்ள பிழை, ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளிப்படும்.

இதற்கு நடந்த நிகழ்ச்சி ஒன்றையே உதாரணமாகக் காட்டலாம். எண்களின் பெரிய அட்டவணைகளைக் கையாளும் 'நம்பை' என்னும் நூலகம் விஞ்ஞானக் கணக்குகளில் எங்கும் பயன்படுவது. பைத்தானின் சொந்த எண் வகைகளான 'ஃப்ளோட்', 'இன்ட்' முதலியவற்றுக்கு அதில் அதே பெயரில் மாற்றுப் பெயர்கள் இருந்தன. அவை குழப்பம் விளைவிப்பதால் கைவிடப்படும் என்ற எச்சரிக்கை 2021 ஜனவரியில் வந்த 1.20 பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2022 டிசம்பரில் வந்த 1.24 பதிப்பில் அப்பெயர்கள் நீக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவகாசம். நியாயமான அவகாசம் என்றே தோன்றும்.

ஆனால் 2021 ஆகஸ்டில் வெளியான டெபியன் 11-இல் இருந்தது நம்பை 1.19, எச்சரிக்கை அதில் இல்லை. அடுத்து 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-இல் இருந்தது 1.24, பெயரே அதில் இல்லை. எச்சரிக்கை வழங்கிய பதிப்புகள் இவ்விரண்டுக்கும் இடையே வந்து போய்விட்டன. நிலைப்பதிப்பை மட்டும் பயன்படுத்திய ஒருவர் ஒரு நாள் கணிப்பொறியைப் புதுப்பித்தார். மறுநாள் அவருடைய பழைய கணக்கு நிரல் நின்றது. முன்னறிவிப்பு அவர் கண்ணில் படவேயில்லை. பட்டிருக்கவும் வாய்ப்புக் குறைவு. இத்தகைய எச்சரிக்கைகள் நூலகங்களின் உள்ளே எழும்போது பைத்தான் அவற்றைச் சாதாரணப் பயனருக்குக் காட்டாமல் மறைத்துவிடுகிறது. சோதனைக் கருவிகளின் கீழ் இயங்கும்போதுதான் அவை அச்சிடப்படுகின்றன. நிலைப்பதிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும் டெபியன் வளர்நிலைப் பதிப்பில், சோதனைகளை இயக்கிப் பார்க்கும் பொதியாளர் ஒருவரே அவ்வெச்சரிக்கையைக் காணும் இடத்தில் இருக்கிறார். அவர் சோதிக்காது விட்டால், பிழையை முதலில் காண்பவர் மழைக்கணக்கு எழுத உட்கார்ந்த களப் பணியாளரே.

சோதனை இல்லாத இடத்தில் சிலர் 'இறக்குமதிச் சோதனை' ஒன்றை மட்டும் செய்து நிறுத்துவர். அதாவது நூலகத்தின் பெயரைச் சொல்லி அழைத்து, பைத்தான் அதனைப் பிழையின்றித் திறக்கிறதா என்று பார்ப்பது. இது வீணன்று. பைத்தானின் 'இம்ப்' என்னும் கூறு 2014-இலேயே கைவிடற்குரியதாக அறிவிக்கப்பட்டு, 2023 அக்டோபரில் வெளியான 3.12 பதிப்பில் நீக்கப்பட்டது. அக்கூறைத் தலைப்பிலேயே அழைக்கும் நூலகம் எதுவும் திறக்கப்படும்போதே விழுந்துவிடும். இறக்குமதிச் சோதனை அதனை உடனே காட்டும். ஆயின் நம்பையின் பழைய பெயரோ பெரும்பாலும் செயற்கூற்றின் உள்ளே, ஒரு கணக்கின் நடுவே எழுதப்பட்டிருக்கும். நூலகம் திறக்கும், இறக்குமதிச் சோதனை வெற்றி கூறும், கணக்கைப் போடச் சொன்னால்தான் நிரல் நிற்கும். கதவு திறக்கிறது என்பதைக் கொண்டு கிணற்றில் நீர் உள்ளது என்று முடிவு செய்ய இயலாது.

சோதனைகள் எவ்வாறு அமைகின்றன

தானியங்கு சோதனை என்பது நிரலைச் சோதிக்கும் மற்றொரு நிரலே. "2 அங்குலம் மழையைக் கொடுத்தால் 50.8 மில்லிமீட்டர் என்று விடை வர வேண்டும்" என்பது போன்ற கூற்றுகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கணிப்பொறி ஒவ்வொன்றையும் இயக்கி, கூற்றுக்கு மாறான விடை வந்தால் தோல்வி என்று அறிவிக்கிறது. பைத்தானோடு 'யூனிட்டெஸ்ட்' என்னும் கருவி 2001-இல் வந்த 2.1 பதிப்பு முதலே சேர்ந்து வருகிறது. இக்காலத்தில் 'பைடெஸ்ட்' என்னும் தனிக் கருவியே மிகுதியாகக் கையாளப்படுகிறது.

கருவியும் மூப்படையும் என்பதை மறத்தல் ஆகாது. 'நோஸ்' என்னும் கருவியின் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. 2021 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.10, பல ஆண்டுகளாகக் கைவிடற்குரியவையாக இருந்த சில பெயர்களை நீக்கியபோது, நோஸ் கருவியே இயங்காமற் போயிற்று. அதனை நம்பியிருந்த பொதிகளின் சோதனைகள் எல்லாம் தோற்றன. சோதிக்கப்பட்ட நிரல்கள் குற்றமற்றவையாக இருந்தும் தோற்றன. தராசு பழுதாயின் சரக்கைக் குறை கூறுவது முறையன்று. எனினும் பொதியாளர் பலர் தராசைத் தூக்கி எறிந்துவிட்டுச் சரக்கை எடை போடாமலே அனுப்பத் தலைப்படுவதும் இத்தகைய சமயத்திலேயே.

இன்னொரு நுட்பம் ஆசிரியர்கள் குறித்துக் கொள்ளத்தக்கது. சோதனைகள் வேறு கோப்புறையில் இருந்தாலோ அவற்றின் பெயர் எதிர்பார்த்த வடிவில் இல்லாவிட்டாலோ, கருவி ஒரு சோதனையையும் காணாது. 3.12-க்கு முற்பட்ட பைத்தான்களில் யூனிட்டெஸ்ட் அப்போது "0 சோதனைகள் இயங்கின, சரி" என்று அறிவித்து வெற்றிக் குறியோடு முடியும். கட்டும் யந்திரம் அக்குறியை மட்டும் பார்ப்பதால், பொதி சோதிக்கப்பட்டதாகவே பதிவாகும். பைடெஸ்ட் இவ்விடத்தில் 5 என்னும் பிழைக்குறியைத் திருப்பி அனுப்புகிறது, 3.12 முதல் யூனிட்டெஸ்டும் அவ்வாறே செய்கிறது. இத்திருத்தம் சிறியதாகத் தோன்றினும், ஒன்றும் பார்க்காமல் வழங்கப்பட்ட நற்சான்றுகளை அது தடுத்துவிட்டது.

விதிகள்

ஃபெடோராவின் பைத்தான் பொதி விதிகள் இப்பொருளில் தெளிவானவை. மூலத்தில் சோதனைத் தொகுதி இருப்பின் அது பொதி கட்டும்போது 'செக்' என்னும் பகுதியிலோ, ஃபெடோராவின் தானியங்குச் சோதனை அமைப்பிலோ இயக்கப்பட்டே ஆக வேண்டும். தோல்வியுறும் குறிப்பிட்ட சோதனைகளை விலக்கலாம். ஆனால் பொதி கட்டுவது தடைப்படுகிறது என்பதற்காகத் தொகுதி முழுவதையும் நிறுத்திவிடவோ, அதன் முடிவைப் பொருட்படுத்தாது விடவோ கூடாது. சோதனைகளை இயக்கவே இயலாத நிலையில் இறக்குமதிச் சோதனையேனும் செய்ய வேண்டும்.

இவ்விதியின் நயம் அதன் நடுவாக்கியத்தில் இருக்கிறது. தோற்கும் சோதனை ஒன்றும் இருத்தல் ஆகாது என்று விதித்திருந்தால், பொதியாளர் விதியைப் புறக்கணித்திருப்பர். சோதனை விருப்பத்துக்குரியது என்று விட்டிருந்தால், அவசர நாளில் முதலில் கைவிடப்படுவது அதுவாகவே இருக்கும். பெயர் சொல்லி விலக்கு என்பதோ இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. விலக்கப்பட்ட ஒவ்வொரு சோதனையும் பொதியின் செய்முறைக் கோப்பில் பெயரோடு நிற்கிறது. காரணமும் அருகில் எழுதப்பட்டிருந்தால், பின்னர் வரும் பொதியாளர் அது இன்னும் செல்லுமா என்று பார்க்கலாம். மொத்தமாக அணைக்கப்பட்ட தொகுதியில் இவ்விவரம் எதுவும் எஞ்சாது.

டெபியனின் ஏற்பாடு வேறு வகையானது. அங்கு பொதி கட்டும்போது ஒரு முறையும், கட்டிய பொதியைத் தூய்மையான வேறோர் அமைப்பில் நிறுவிய பின் மற்றொரு முறையும் சோதனை நடத்தலாம். பின்னதற்கு 'ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட்' என்று பெயர். 2018 முதல் அதன் முடிவுகள் பொதியின் முன்னேற்றத்தைத் தீர்மானிப்பதில் கணக்கிற் கொள்ளப்படுகின்றன. ஒரு நூலகம் புதுப்பிக்கப்பட்டால், அதன் சோதனையோடு அதனைச் சார்ந்துள்ள பிற பொதிகளின் சோதனைகளும் தாமே இயக்கப்படும். முன்பு வென்ற சோதனை இப்போது தோற்குமாயின் புதிய நூலகம் அடுத்த படிக்கு ஏறாமல் நிறுத்தப்படும். புதுப்பித்தவரே பிழையைச் சந்திக்க வேண்டிய நிலை இவ்வாறு ஏற்படுகிறது. சார்ந்திருக்கும் ஏழை நிரலின் பொதியாளர் தலையில் அது விழுவதில்லை. இவ்வகையில் டெபியனின் ஏற்பாடு ஃபெடோராவின் விதியைக் காட்டிலும் ஒரு படி மேல் எனலாம். ஆனால் இதற்கெனச் சோதனை எழுதப்பட்டிராத பொதிக்கு அது பயன் தராது.

பைத்தான் 3.9 பதிப்பு 2020 அக்டோபரில் வெளிவந்தது முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றின் வருகைக்காகவும் ஃபெடோரா தன் பைத்தான் பொதிகள் அனைத்தையும் மீண்டும் கட்டுகிறது. ஆயிரக்கணக்கான பொதிகளை மனிதர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது நடவாத காரியம். கட்டாயச் சோதனை என்னும் விதியின் உண்மைப் பயன் இந்நாட்களில்தான் தெரிகிறது: எது விழுந்தது என்ற பட்டியல், சில நாட்களில், யாரும் கேளாமலே கிடைத்துவிடுகிறது.

எதனைச் சோதிப்பது

சோதனை இயங்கியது என்பதனால் மட்டும் பொதி சோதிக்கப்பட்டதாகக் கொள்ளுதல் தவறு. பொதி கட்டும் கோப்புறையில் மூல நிரலும் இருக்கும். அதிலிருந்து நிறுவப்பட்ட படியும் வேறிடத்தில் இருக்கும். பைத்தானைக் குறிப்பிட்ட சில வழிகளில் தொடங்கினால், அது தான் நிற்கும் கோப்புறையையே முதலில் தேடும். ஆகவே சோதனை மூல நிரலைத் தொட்டு வெற்றி பெற்றிருக்கும். பயனருக்குச் செல்லும் படியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதனால் தப்பிப் போகும் பிழைகளுள் முதன்மையானது விடுபட்ட தரவுக் கோப்பு. மாவட்ட மழைமானி நிலையங்களின் பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்திருக்கும் ஒரு நிரலைக் கருதுக. பொதிக்குள் சேர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் அக்கோப்பை மூல ஆக்குநர் எழுத மறந்துவிட்டார். மூலக் கோப்புறையில் அது இருப்பதால் சோதனை வெல்லும். நிறுவப்பட்ட படியில் அது இல்லாததால், நிலையத்தின் பெயரைக் கேட்டவுடன் நிரல் நிற்கும். ஃபெடோராவில் 'செக்' பகுதி நிறுவுதலுக்குப் பின்னரே இயங்குகிறது. பைடெஸ்டை அழைக்க அங்கு வழங்கும் ஆயத்தக் கட்டளை, நிறுவப்பட்ட படி இருக்கும் பாதையைத் தேடும் இடங்களில் சேர்த்து வைக்கிறது. டெபியனில் கட்டும்போது நடக்கும் சோதனை நிறுவுதலுக்கு முற்பட்டது. ஆதலால் அங்கு ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் இன்றியமையாத துணையாகிறது. மூல ஆக்குநர் தம் நிரலை 'எஸ்ஆர்சி' என்னும் உட்கோப்புறைக்குள் வைத்துவிட்டால் இத்தவறான வெற்றி பெரும்பாலும் நேராது. இன்று பலர் அவ்வாறு செய்கின்றனர்.

கூறப்படும் தடைகள்

கட்டாயச் சோதனைக்கு எதிராகப் பொதியாளர்கள் கூறுவன யாவும் சோம்பலின் விளைவு அல்ல. சோதனைத் தொகுதிகள் மூல ஆக்குநரின் வசதிக்காக எழுதப்பட்டவை. பொதியாளரின் யந்திரத்தை அவர் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார். வழங்கல்களின் கட்டும் யந்திரங்களில் வலையிணைப்பு அனுமதிக்கப்படுவதில்லை. எனவே தொலைவிலுள்ள தளம் ஒன்றிலிருந்து தரவு இறக்கிப் பார்க்கும் சோதனை அங்கு தோற்றே தீரும். அதனைப் பெயர் சொல்லி விலக்குவதே முறை. வெளியீட்டு மூட்டையில் சோதனைகளே சேர்க்கப்படாமல் விடுபட்டிருப்பதும் உண்டு. அப்போது மூல நிரற் களஞ்சியத்திலிருந்து முழு மூட்டையை நேரே பெற வேண்டும்.

யந்திர வேற்றுமை மற்றொன்று. 0.1-உம் 0.2-உம் கூட்டினால் பைத்தான் 0.3 என்று சொல்வதில்லை, 0.30000000000000004 என்கிறது. இரும எண் முறையில் இப்பின்னங்களை முடிவுறும் வடிவில் எழுத இயலாமையே காரணம். பழைய 32 பிட் இன்டெல் யந்திரங்களின் கணிப்பகம் இடைக் கணக்குகளை 80 பிட் அளவில் வைத்துக் கொள்வதால், கடைசி இலக்கம் அங்கு மாறி வரலாம். ஐபிஎம் பெருங்கணிப்பொறிகள் எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைப்பன; நாம் வழக்கமாகக் காணும் யந்திரங்கள் சிறிய பைட்டை முதலில் வைப்பன. ஃபெடோராவில் யந்திர வகையைச் சாராத பைத்தான் பொதி ஏதேனும் ஒரு வகை யந்திரத்தில் ஒரு முறை மட்டும் கட்டப்படுகிறது. நேற்று வென்ற சோதனை இன்று வேறு யந்திரத்தில் அமைந்து தோற்பது இதனால்தான். இங்கு தோல்வியை எரிச்சலோடு ஒதுக்குவது பிழை. அது பெரும்பாலும் சோதனையில் உள்ள கவனக்குறைவு. சில வேளை நிரலிலேயே உள்ள உண்மையான குற்றம். இரண்டையும் பிரித்தறிவதற்கு ஒருவர் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

சுழற் சார்பு என்பது இன்னொரு தடை. பைடெஸ்ட் இயங்கச் சில சிறு நூலகங்கள் வேண்டும். அச்சிறு நூலகங்களைச் சோதிக்கப் பைடெஸ்ட் வேண்டும். புதிய பைத்தானுக்கு முதன்முதலில் எல்லாவற்றையும் கட்டும்போது முட்டை முந்தியா கோழி முந்தியா என்ற நிலை. ஃபெடோரா விதி இத்தொடக்க வேளையில் சோதனையை நிறுத்தி வைக்க அனுமதிக்கிறது. தொடக்கம் முடிந்தபின் அதே நூலகம் சோதனையோடு மீண்டும் கட்டப்படுகிறது.

எழுத்து நடை, வரி நீளம், வகைக் குறிப்பு முதலியவற்றைப் பார்க்கும் கருவிகளைச் சோதனையோடு சேர்த்து ஓட்டுவதை ஃபெடோரா விதி வேண்டாம் என்கிறது. அவை மூல ஆக்குநருக்குரியவை. நிரல் சரியாக இயங்கும்போது, ஒரு வரி நீண்டுவிட்டது என்பதற்காகப் பொதி கட்டுவதை நிறுத்துவதில் பயனருக்கு என்ன நன்மை?

சோதனை நல்லெண்ணத்தை உறுதி செய்யாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ள வாயில் இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் வெளிப்படுத்தினார். தொலைநுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்றே அவர் ஆராய்ந்தார். தீய நிரற்பகுதி மறைத்து வைக்கப்பட்டிருந்த இடம் சோதனைக்கான மாதிரிக் கோப்புகள். அது பைத்தான் நிரலன்று. ஆயினும் சோதனைக் கோப்புறை என்றால் யாரும் திறந்து பார்ப்பதில்லை என்ற பழக்கத்தையே அங்கு பயன்படுத்திக் கொண்டனர்.

வகுப்பில் செய்து காட்டுதற்கு

மேல்நிலை வகுப்பில் பைத்தான் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேற்கூறியவற்றை ஒரு பாடவேளையில் செய்து காட்டலாம். பைடெஸ்ட் நிறுவப்பட்ட ஒரு லினக்ஸ் கணிப்பொறி போதும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். எனவே மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம்.

முதலில் அங்குல மழையை 25.4-ஆல் பெருக்கி மில்லிமீட்டராகத் தரும் செயற்கூறு ஒன்றும், மாத மழையின் சராசரியைத் தரும் செயற்கூறு ஒன்றும் ஒரே கோப்பில் எழுதுக. இரண்டாவதில் 'மொத்தம்' என்னும் மாறியை ஓரிடத்தில் வேண்டுமென்றே 'மொதம்' என்று பிழையாக எழுதுக. கோப்பை இறக்குமதி செய்யச் சொன்னால் பிழை எதுவும் வராது. முதற்செயற்கூற்றுக்கு 2 கொடுத்தால் 50.8 என்று சரியான விடையும் வரும். சராசரியைக் கேட்டவுடன்தான் அத்தகைய பெயர் இல்லை என்று பைத்தான் நிற்கும். பிழை எங்கே என்று மாணவர்களைக் கோப்பில் தேடச் சொல்லலாம். அதற்கு ஆகும் நேரத்தையும், ஒரு சோதனை எழுத ஆகும் நேரத்தையும் கரும்பலகையில் குறித்து வைக்க.

பிழையைத் திருத்திய பின், நிலையங்களின் பெயர்களைச் சிறு உரைக் கோப்பில் எழுதி, மூன்றாவது செயற்கூறு ஒன்று அதனைப் படிக்குமாறு செய்க. மூன்றுக்கும் சோதனை எழுதி இயக்கினால் எல்லாம் வெல்லும். பிறகு நிரற்கோப்பையும் சோதனைக் கோப்பையும் மட்டும் வேறு கோப்புறைக்குப் படியெடுத்து, அங்கு நின்று இயக்குக. மூன்றாவது சோதனை மட்டும் தோற்கும். விடுபட்ட தரவுக் கோப்பு என்பது யாதென்று இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

கடைசியாக, பைடெஸ்ட் அடையாளங் கண்டுகொள்ளும் முன்னொட்டாகிய 'டெஸ்ட்' என்னும் சொல்லைச் சோதனைச் செயற்கூறுகளின் பெயர்களிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் இயக்குக. சோதனை எதுவும் இயங்கவில்லை என்ற செய்தி வரும். அடுத்த வரியில், முந்தைய கட்டளை எந்த எண்ணோடு முடிந்தது என்று கணிப்பொறியைக் கேட்டால் 5 என்று விடை கூறும். வெற்றியாயின் அவ்வெண் 0 ஆக இருக்கும். கட்டும் யந்திரம் பார்ப்பது இந்த ஓர் எண்ணை மட்டுமே என்பதை மாணவர்களுக்கு அப்போது சொல்லலாம்.